பெய்ட்காஸ்டிங் ரீல்: வாங்கும் முன்பும் வீசும் முன்பும் எல்லோரும் கேட்கிற கேள்விகள்

விரால், கொடுவா இரண்டுக்கும் லூர் (செயற்கை இரை) போட ஆரம்பித்தவர்கள் கொஞ்ச நாளில் பெய்ட்காஸ்டிங் ரீல் பக்கம் வந்துவிடுகிறார்கள். வந்த வேகத்தில் நரம்பு (தூண்டில் இழை) சிக்கி, ரீலை அலமாரியில் வைத்துவிட்டுப் பழைய ஸ்பின்னிங்குக்கே திரும்புகிறவர்களும் நிறைய. அது ரீலின் குறை இல்லை, ஆரம்பத்தில் யாரும் சரியாகச் சொல்லித் தராததுதான் காரணம். அதனால் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஸ்பின்னிங் ரீலுக்கும் இதற்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்?

ஸ்பின்னிங் ரீலில், நரம்பு சுற்றியிருக்கிற உருளையான ஸ்பூல் அசையாமல் நிற்கும், வீசும்போது நரம்பு அதன் விளிம்பு வழியாகச் சுருள் சுருளாக உருவி வெளியே போகும். பெய்ட்காஸ்டிங்கில் ஸ்பூலே சுற்றுகிறது. லூர் இழுக்க இழுக்க அது சுற்றி நரம்பை விடுகிறது. கிணற்று உருளையில் சுற்றிய கயிற்றில் வாளியை விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்: வாளி தண்ணீரைத் தொட்டு நின்ற பிறகும் உருளை கொஞ்ச நேரம் சுற்றும், கயிறு தொளதொளவென்று குவியும். இந்த ரீலில் வருகிற எல்லாச் சிக்கும் இதே காரணத்தால்தான் வருகிறது. லூர் போகிற வேகத்தைவிட ஸ்பூல் சுற்றுகிற வேகம் அதிகமானால் சிக்கு. இதை மனதில் பதித்துக்கொண்டால், டென்ஷன், பிரேக், கட்டை விரல் என்று கீழே வருகிற எல்லாமே ஏன் என்று தானாகப் புரியும்.

அப்படியென்றால் எதற்கு இந்தத் தொல்லை? ஸ்பின்னிங்கே போதாதா?

பலருக்குப் போதும். 3, 4 கிராம் எடையுள்ள சின்ன லூர், ஜிக் போடுகிறவர்கள், கரையிலிருந்து கடலுக்குள் தூரமாக வீசுகிறவர்கள், இறால், புழு வைத்து மீன் பிடிக்கிறவர்கள் ஸ்பின்னிங்கிலேயே இருக்கலாம், அவர்களுக்கு அதுதான் நல்லது.

பெய்ட்காஸ்டிங்கின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 10 கிராமுக்கு மேற்பட்ட லூர், 40 பவுண்ட் பலமுள்ள பிரெய்டு (பின்னல் நரம்பு), ஆகாயத்தாமரையும் அல்லியும் மூடிக் கிடக்கிற ஏரி, அதில் ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் தெரிகிற ஒரு சந்து, அந்தச் சந்தில்தான் தவளை லூர் விழ வேண்டும். கட்டை விரலால் ஸ்பூலை அமுக்கி லூரை எந்த நொடியிலும் நிறுத்த முடியும் என்பதால் இந்த வேலைக்கு இதை மிஞ்சியது இல்லை. அப்புறம், விரால் கவ்வியதும் கொடிக்குள் தலையை விடும் முன்பே இழுத்து வெளியே எடுக்க வேண்டும். நரம்பு நேராக ஸ்பூலில் ஏறுவதால் இழுக்கிற பலம் முழுதும் மீனுக்குப் போய்ச் சேருகிறது. கழிமுகத்தில் வேர்களுக்கு நடுவே கிடக்கிற கொடுவாவுக்கும் இதே கதைதான்.

ஏற்கெனவே இருக்கிற ஸ்பின்னிங் ராடில் (தூண்டில் கம்பில்) மாட்டிக்கொள்ளலாமா?

வேண்டாம். மாட்டினால் மாட்டும், ஆனால் வேலை செய்யாது. பெய்ட்காஸ்டிங் ரீல் ராடுக்கு மேலே உட்காரும், வளையங்களும் மேலே பார்க்கும், எண்ணிக்கையில் அதிகமாக, சின்னதாக இருக்கும். ராடு வளையும்போது நரம்பு கம்பில் உரசாமல் இருப்பதற்காகத்தான் அந்த அமைப்பு. பிடியின் கீழே விரலை மாட்டிக்கொள்ள ஒரு கொக்கியும் இருக்கும். அது இல்லாமல் பெரிய மீன் இழுத்தால் கையில் ராடு உருண்டுவிடும்.

ராடு வாங்கும்போது கம்பில் அச்சிட்டிருக்கும் லூர் எடையைப் படியுங்கள். 7-21 கிராம் அல்லது 10-30 கிராம் என்று இருக்கும். நீங்கள் வழக்கமாகப் போடப்போகிற லூர் அந்த அளவின் நடுவில் வர வேண்டும். விராலுக்குப் போடுகிற தவளை லூருக்கு மீடியம் ஹெவி விறைப்பு, ஆறரை முதல் ஏழு அடி நீளம் சரியாக இருக்கும். ரீலுக்கு நிறையச் செலவழித்துவிட்டு ராடில் கஞ்சத்தனம் பார்ப்பது சரியில்லை. லூரின் எடையில் ராடு வளைந்து நிமிராவிட்டால் எந்த ரீலாலும் ஒழுங்காக வீச முடியாது.

கைப்பிடி வலதா இடதா?

வலது கைப் பழக்கம் உள்ளவர் இடது கைப்பிடி ரீல் வாங்கினால், வலது கையால் வீசிவிட்டு ராடைக் கை மாற்றாமல் அப்படியே இடது கையால் சுற்றலாம். ஸ்பின்னிங்கில் பழகியவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் இயல்பாக வரும். முந்தைய தலைமுறை ரீல்கள் பெரும்பாலும் வலது கைப்பிடியிலேயே வந்தன, அதனால் வீசிய கையோடு ராடை இடது கைக்கு மாற்றிக்கொண்டு சுற்றுகிற பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது, அதுவும் தவறில்லை. ஆனால் தவளை லூர் விழுந்த நொடியே விரால் அடிக்கும், அந்த நேரத்தில் கை மாற்றிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது.

ஆன்லைனில் வாங்கும்போது இங்கேதான் ஏமாறுவார்கள். ஷிமானோவில் 150 என்றால் வலது, 151 என்றால் இடது, 200 வலது, 201 இடது. டாய்வாவில் பெயரின் கடைசியில் எல் என்ற எழுத்து வந்தால் இடது. படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மாடல் எண்ணைப் பாருங்கள்.

கியர் ரேஷியோ எவ்வளவு வேண்டும்?

7.2:1 என்றால் கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் ஸ்பூல் 7.2 முறை சுற்றும். நடுத்தர அளவு ரீலில் அது முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நரம்பை உள்ளே இழுக்கும். ஷிமானோ எஸ்எல்எக்ஸ் 150 ஒரே ரீல்தான், 6.3, 7.2, 8.2 என்று மூன்று விதமாக வருகிறது, எதை எடுப்பது என்று குழம்பாதவர்கள் இல்லை.

ஒரே ஒரு ரீல் வாங்கப் போகிறீர்கள் என்றால் 7 சொச்சம் எடுங்கள். தவளையை ராடு நுனியால் ஆட்டி நடக்க விடும்போது தொங்குகிற நரம்பைச் சட்டென்று சுருட்ட வேகம் வேண்டும். தண்ணீரில் கனமாக இழுக்கிற ஆழ்நீர் கிராங்க்பெய்ட் மாதிரியான லூர்களுக்கு 5 அல்லது 6 சொச்சம் கைக்கு இதமாக இருக்கும். 8க்கு மேலே உள்ளதில், வேகத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாவிட்டால் லூரை ஓட்டமாக ஓட்டிவிடுவீர்கள்.

காந்தப் பிரேக், சென்ட்ரிஃப்யூகல், டிஜிட்டல் என்கிறார்களே, எது நல்லது?

மூன்றும் ஸ்பூலின் வேகத்தைக் கட்டுப்படுத்தத்தான், ஆனால் விதம் வேறு.

காந்தப் பிரேக்கில் பக்கத் தகட்டில் ஒரு திருகு இருக்கும். திருகினால் காந்தங்கள் ஸ்பூலுக்கு அருகே வரும் அல்லது விலகும். எதுவும் எதையும் தொடுவதில்லை. உலோகம் காந்தப் புலத்தில் சுற்றும்போது உண்டாகிற சுழல் மின்னோட்டம்தான் ஸ்பூலை இழுத்துப் பிடிக்கிறது. வெளியிலிருந்தே கூட்டிக் குறைக்கலாம் என்பதால் பழகுகிறவர்களுக்கு இது வசதி.

சென்ட்ரிஃப்யூகலில் ஸ்பூலோடு சேர்ந்து சுற்றுகிற சின்னச் சின்னக் கட்டைகள் உண்டு. வேகம் கூடும்போது அவை வெளிப்பக்கம் தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். அந்த விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், வீச்சின் ஆரம்பத்தில் பலமாகப் பிடிக்கும், லூர் வேகம் தளரும்போது தானாக விட்டுவிடும். அதனால் தூரம் நன்றாகக் கிடைக்கிறது. சில ரீல்களில் இதை மாற்றப் பக்கத் தகட்டைத் திறக்க வேண்டும். படகில் அல்லது சேற்றுக் கரையில் நின்றுகொண்டு திறக்காதீர்கள், வீட்டிலேயே செய்துவிட்டு வாருங்கள்.

டிஜிட்டல் என்பது ஷிமானோவின் டிசி. ஸ்பூல் சுற்றுவதிலேயே மின்சாரம் எடுத்து, ஒரு சில்லு வேகத்தைக் கணித்துப் பிரேக் போடுகிறது, பேட்டரி கிடையாது. வீசும்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும், சிலர் அந்தச் சத்தத்துக்காகவே வாங்குகிறார்கள்! நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் ரீலாக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விரல் பழகாமல் அதில் வீசக் கற்றுக்கொண்டவர், வேறு ரீலைக் கையில் எடுத்ததும் தடுமாறுவார். டிசி என்றால் சிக்கே விழாது என்பதும் உண்மை இல்லை.

12 பேரிங், 18 பேரிங் என்று போட்டிருக்கிற ரீல் மலிவாகக் கிடைக்கிறதே?

எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். ஸ்பூலைத் தாங்குகிற பேரிங்குகள் தரமாக இருந்தால் 5, 6 போதும். மீதியெல்லாம் கைப்பிடிக் குமிழுக்குள் போட்டுக்கூட எண்ணிக்கையை ஏற்றிவிடலாம்.

லோ புரொஃபைலா, உருண்டை ரீலா?

ஏரி, குளம், கண்மாய், கழிமுகம் எல்லாவற்றுக்கும் உள்ளங்கைக்குள் அடங்குகிற லோ புரொஃபைல் ரீல் போதும், 100 முதல் 200 அளவு. அபு கார்சியா அம்பாசடர், ஷிமானோ கால்கட்டா மாதிரியான உருண்டை ரீல்கள் நிறைய நரம்பு பிடிக்கும், உடல் உறுதியாக இருக்கும், படகிலிருந்து பெரிய மீனுக்குப் போகிறவர்களுக்கு ஏற்றவை. அம்பாசடர் 1950களில் ஸ்வீடனின் ஸ்வாங்ஸ்டா என்ற ஊரில் வந்தது, அந்த நிறுவனம் அதற்கு முன் கடிகாரமும் டாக்சி மீட்டரும் செய்துகொண்டிருந்தது. அந்தக் காலத்து ரீல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என்ன நரம்பு போடுவது, எவ்வளவு போடுவது?

பழகுகிற காலத்தில் மோனோ. 12 முதல் 15 பவுண்ட், அதாவது 0.35 மி.மீ. அளவிலான தங்கூசி. விலை குறைவு, சிக்கினால் பிரிப்பதும் சுலபம், மோசமாகச் சிக்கினால் வெட்டி எறிந்துவிட்டு வேறு சுற்றிக்கொள்ளலாம். கை வந்த பிறகு பிரெய்டுக்கு மாறுங்கள். விராலுக்கு 40, 50 பவுண்ட். அதைவிட மெல்லிய பிரெய்டு இந்த ரீலில் ஒரு தொந்தரவு தரும்: பலமாக இழுத்தால் மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதைந்துகொள்ளும், அடுத்த வீச்சில் அங்கே போய் நின்று லூர் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

பிரெய்டை நேரடியாக ஸ்பூலில் கட்டினால் மொத்தச் சுருளும் வழுக்கிச் சுற்றும். டிராக் (மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கிற பாகம்) கெட்டுவிட்டது என்று நினைத்து ரீலைப் பிரித்தவர்கள் உண்டு. அடியில் கொஞ்சம் மோனோ சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்டைக் கட்டுங்கள். சுற்றும்போது ஈரத்துணியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றவும். ஸ்பூல் விளிம்புக்கு 2, 3 மி.மீ. கீழே நிறுத்திவிட வேண்டும், விளிம்பு வரை நிரப்பினால் சிக்கு அதிகமாகும்.

வீசும் முன் எதையெல்லாம் சரிசெய்ய வேண்டும்?

கைப்பிடிப் பக்கம், நட்சத்திர வடிவ டிராக்குக்கு அருகே ஒரு சின்னக் குமிழ் இருக்கும், அதுதான் ஸ்பூல் டென்ஷன். போடப்போகிற லூரைக் கட்டி, ராடைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, ஸ்பூலை விடுவிக்கிற கட்டை விரல் பட்டனை அமுக்கி விடுங்கள். லூர் மெதுவாக இறங்க வேண்டும், தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றுவிட வேண்டும். நிற்காமல் சுற்றினால் குமிழை இறுக்குங்கள், லூர் இறங்கவே இல்லையென்றால் தளர்த்துங்கள். லூர் மாற்றினால் இதையும் மறுபடி பார்க்க வேண்டும், 20 கிராமுக்கு வைத்தது 10 கிராமுக்குச் சரிவராது. பிரேக்கை ஆரம்பத்தில் முக்கால் பங்குக்கு மேலேயே வைத்துவிடுங்கள். தூரம் குறையும், குறையட்டும். சிக்காமல் வீசுவது வந்த பிறகு ஒவ்வொரு படியாகக் குறைத்துக்கொண்டு போகலாம்.

கை நன்றாகப் பழகியவர்கள் டென்ஷனை, ஸ்பூல் பக்கவாட்டில் ஆடாத அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பிரேக்கிடமும் விரலிடமும் விட்டுவிடுவார்கள். அது பின்னால் வரட்டும்.

எப்படி வீசுவது?

பட்டனை அமுக்கும்போதே கட்டை விரல் ஸ்பூலின் மேல் இருக்க வேண்டும். லூர் ராடு நுனியிலிருந்து ஒரு சாண் தொங்கட்டும். மணிக்கட்டைத் திருப்பிப் புறங்கை வானத்தைப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பூல் தடையில்லாமல் சுற்றும், மணிக்கட்டும் நன்றாக வளையும். பின்னால் கொண்டுபோய் லூரின் எடையில் ராடு வளைவதைக் கையில் உணருங்கள், பிறகு ஒரே சீராக முன்னால் கொண்டுவாருங்கள். வெடுக்கென்று அடிக்கவே கூடாது. ஸ்பின்னிங்கிலிருந்து வருகிறவர்கள் கோபமாக அடிப்பது மாதிரி வீசுவார்கள், ஸ்பூல் முதல் நொடியிலேயே தாறுமாறான வேகத்துக்குப் போய்விடும்.

லூர் பறக்கும்போது கட்டை விரல் நரம்பை லேசாகத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். நரம்பு பொங்கி எழுவது விரலில் தெரியும், தெரிந்ததும் ஒரு துளி அழுத்தம் கொடுத்தால் அடங்கிவிடும். கடைசியாக, லூர் தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்பு ஸ்பூலை முழுவதுமாக அமுக்கி நிறுத்துங்கள். இந்த ஒன்றை மட்டும் விடாமல் செய்தாலே பாதிச் சிக்கு குறைந்துவிடும். எந்தப் பிரேக்காலும் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாது. உங்கள் கண்ணும் விரலும்தான் பார்க்க வேண்டும்.

பழகுவதற்கு ஏரி வேண்டாம். காலியான மைதானத்தில் முள் இல்லாத 14, 15 கிராம் எடையைக் கட்டி, ஒரு பழைய டயரைக் குறிவைத்து வீசுங்கள். தூரத்தை மறந்துவிட்டுக் குறியை மட்டும் பாருங்கள். இன்னொரு யோசனை: வசதியாக வீச முடிகிற தூரத்துக்கு வீசி, அதற்குமேல் ஒரு பத்து மீட்டர் உருவிவிட்டு, ஸ்பூலில் மிச்சமுள்ள நரம்பின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, மறுபடி சுற்றிக்கொள்ளுங்கள். சிக்கு விழுந்தாலும் டேப்புக்குக் கீழே போகாது.

சிக்கு விழுந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில், கண்ட இடத்தில் பிடித்து இழுக்காதீர்கள், அதில்தான் முடிச்சாகிறது. கட்டை விரலால் ஸ்பூலைப் பலமாக அமுக்கிக்கொண்டு, கைப்பிடியை நாலைந்து சுற்று முன்னோக்கிச் சுற்றுங்கள். பிறகு பட்டனை அமுக்கி நரம்பை மெதுவாக உருவுங்கள். மேலே மடிந்து கிடக்கிற வளையங்கள் நசுங்கித் தட்டையாகிவிடுவதால் பெரும்பாலான சிக்கு இதிலேயே பிரிந்து வந்துவிடும். நின்றால் மறுபடி அதையே செய்யுங்கள். அதற்கும் வராவிட்டால், குறுக்கே அமுக்கிக்கொண்டிருக்கிற வளையத்தைக் கண்டுபிடித்து, முனை மழுங்கிய ஊசியால் தூக்கிவிட வேண்டும். பிரிந்த பிறகு மோனோவில் மடிப்பு விழுந்த இடத்தை வெட்டிவிடுங்கள், பெரிய மீன் வரும்போது அந்த இடத்தில்தான் அறும்.

எதிர்க்காற்றில் மட்டும் சிக்குகிறதே?

லூரைக் காற்று தடுக்கிறது, ஸ்பூலுக்கு அது தெரியாது. பிரேக்கை இரண்டு படி ஏற்றுங்கள், தலைக்கு மேலே வீசாமல் பக்கவாட்டில் தாழ வீசுங்கள், கனமான, ஒல்லியான லூருக்கு மாறுங்கள். முடிந்தால் கரை மாறிப் போய்விடுங்கள்.

டிராக் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

திறந்த தண்ணீரில், நரம்பின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. கொடிக்குள் விரால் என்றால் அந்தக் கணக்கு கிடையாது, கிட்டத்தட்ட முழுதும் இறுக்கிவிட வேண்டும். ஒரு முழம் விட்டுக்கொடுத்தாலும் அது தாமரைத் தண்டில் சுற்றிக்கொள்ளும். தவளையை விரால் அடித்ததும் உடனே வெட்டி இழுக்காதீர்கள், சத்தம் கேட்டுப் பதறுவதால்தான் லூர் வெறுமனே பறந்து வருகிறது. நுனியைத் தாழ்த்தி, நரம்பில் கனம் ஏறுவது தெரிந்த பிறகு பலமாக இழுத்து, நிறுத்தாமல் சுற்றுங்கள்.

கொடுவாவுக்கு வேறு மாதிரி. அது துள்ளித் தலையை உதறும். டிராக் ஓரளவு விட்டுக்கொடுக்க வேண்டும். அதன் செவுள் மூடியின் ஓரம் நரம்பை அறுத்துவிடும், அதனால் 40 பவுண்ட் அளவில் ஒரு லீடர் (நரம்புக்கும் லூருக்கும் நடுவே கட்டுகிற தனி நரம்புத் துண்டு) கட்டாயம். லீடர் முடிச்சு பருமனாக இருந்தால் வளையத்தில் தட்டும், எஃப்ஜி முடிச்சு கற்றுக்கொள்ளுங்கள், அல்லது முடிச்சு ராடு நுனிக்கு வெளியே நிற்கிற மாதிரி லீடரைக் குட்டையாக வையுங்கள்.

முட்டுக்காடு, பழவேற்காடு பக்கம் உப்புத் தண்ணீரில் பயன்படுத்தலாமா?

பெட்டியில் உப்புத் தண்ணீருக்கு ஏற்றது என்று எழுதியிருந்தால் தாராளமாக. திரும்பி வந்ததும் டிராக்கை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை லேசாகத் தெளித்துக் கழுவுங்கள். குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். துடைத்து, நிழலில் காயவைத்து, அப்புறம் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள், இறுக்கியபடியே வைத்தால் உள்ளே இருக்கிற வாஷர்கள் அமுங்கிப்போகும். ஸ்பூல் பேரிங்குக்கு மெல்லிய ரீல் எண்ணெய் ஒரு சொட்டு, நரம்பைப் பரப்புகிற லெவல்வைண்ட் புழுத்தண்டுக்கு ஒரு சொட்டு, கியருக்கு மட்டும் கிரீஸ். ஸ்பூல் பேரிங்கில் கிரீஸ் வைத்தால் வீச்சு பாதியாகிவிடும். தேங்காய் எண்ணெய் எங்கேயும் வேண்டாம், பிசினாகிவிடும்.

விரால் பிடிக்க எந்த ஏரியிலும் இறங்கலாமா?

கூடாது. ஏரிகள் பலவற்றில் மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரையோ ஊர்க்காரர்களையோ கேட்டுவிட்டுப் போங்கள், நாலு வார்த்தை மரியாதையாகப் பேசினால் பெரும்பாலும் விடுவார்கள். அப்புறம் இன்னொன்று, மழைக்காலத்தில் தண்ணீரின் மேல் செந்நிறமாகக் குஞ்சுக் கூட்டம் ஒன்று குமிழிவிட்டு எழுவதைப் பார்த்தால், அதன் கீழே காவலுக்கு நிற்கிறது பெரிய விரால். லூர் போட்டால் ஆவேசமாக அடிக்கும், பிடிப்பது சுலபம். போடாதீர்கள். அதை எடுத்துவிட்டால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

பழைய ரீல் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது, எதைப் பார்த்து வாங்குவது?

கைப்பிடியை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், கரகரப்பு இருந்தால் கியரோ பேரிங்கோ போயிருக்கிறது. பட்டனை அமுக்கி ஸ்பூலை விரலால் தட்டிவிடுங்கள், சத்தமில்லாமல் நீண்ட நேரம் சுற்ற வேண்டும். டிராக்கை இறுக்கி நரம்பைக் கையால் இழுத்துப் பாருங்கள், விட்டு விட்டு வந்தால் வாஷர் மாற்ற வேண்டியிருக்கும், அது பெரிய செலவில்லை. பக்கத் தகட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்புத் தண்ணீரில் ஓடி, கழுவாமல் கிடந்த ரீல், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். லெவல்வைண்ட் இரண்டு ஓரமும் போய்த் திரும்பி வருகிறதா என்பதையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.